குறுக்குக் கம்பியின் கணக்கு

ஓட்டப் பந்தயத்தில் முதலில் கோட்டைத் தொடுபவரும் ஈட்டி எறிதலில் மிகத் தொலைவு எறிபவரும் வெல்வதை எந்தப் பார்வையாளரும் விளக்கமின்றிப் புரிந்துகொள்ள முடியும்; உயரம் தாண்டுதலிலோ ஒரே உயரத்தைத் தாண்டிய ஐந்து பேரில் ஒருவருக்குத் தங்கமும் மற்றொருவருக்கு வெள்ளியும் எஞ்சிய மூவருக்கும் வெண்கலமும் வழங்கப்படுவது உண்டு. 1992ஆம் ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கின் ஆண்கள் இறுதிப் போட்டியில் நடந்தது அதுவே. கியூபாவின் ஹவியர் சோட்டோமேயர், சுவீடனின் பாட்ரிக் ஷோபெரி, போலந்தின் ஆர்தூர் பார்த்திகா, ஆஸ்திரேலியாவின் டிம் ஃபோர்சைத், அமெரிக்காவின் ஹோலிஸ் கான்வே ஆகிய ஐவரும் 2.34 மீட்டரைத் தாண்டினர். அதற்கு மேல் எவராலும் செல்ல முடியவில்லை. அவர்களைப் பிரித்தது எட்டிய உயரம் அன்று, அந்த உயரத்தை எட்டும் வழியில் யார் எங்கே எத்தனை முறை கம்பியை வீழ்த்தினார்கள் என்ற கணக்கு. இந்தக் கணக்கை அறியாதவருக்கு உயரம் தாண்டுதலின் பாதி அழகு மறைந்தே இருக்கும்.

கொரோனா பெருந்தொற்றால் ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டு 2021 ஆகஸ்ட் 1 அன்று டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் இறுதிப் போட்டி, கத்தாரின் முத்தாஸ் எஸ்ஸா பர்ஷிமும் இத்தாலியின் ஜியான்மார்கோ தம்பேரியும் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டதால் உலகம் முழுவதும் பேசப்பட்டது. அது நட்பின் வெற்றி என்று பெரும்பாலோர் கொண்டாடினர். அந்த நட்பு மெய்யானதுதான். ஆயினும் அந்த நட்பு செயல்படுவதற்கான இடத்தை உருவாக்கிக் கொடுத்தவை இருவரின் குறையற்ற தாண்டல்களும், அவற்றைப் பதிவு செய்த நடுவரின் தாளும் ஆகும். அந்த மாலையின் முழு மதிப்பும் விளங்க வேண்டுமானால் போட்டியின் விதிகளையும், கம்பியைக் கடக்கும் உடலின் செயல்பாட்டையும் சற்று விரிவாகவே அறிய வேண்டும்.

இரு கம்பங்களின் மீதுள்ள சிறு தாங்கிகளில், ஏறத்தாழ 4 மீட்டர் நீளமும் 2 கிலோகிராமுக்கு மேற்படாத எடையும் உடைய குறுக்குக் கம்பி கிடத்தப்படுகிறது. அது எதனாலும் பிணைக்கப்படுவதில்லை, லேசாக இடித்தாலே விழக்கூடியது. வீரர் ஒற்றைக் காலை ஊன்றியே எழும்ப வேண்டும் என்பது இந்தப் போட்டியின் அடிப்படை விதி. உடல் பட்டுக் கம்பி அதிர்ந்தாலும் அது தாங்கிகளிலேயே நிலைத்துவிட்டால் தாண்டல் செல்லும். விழுந்துவிட்டால் அது தவறு. ஒவ்வொரு உயரத்திலும் ஒருவருக்கு மூன்று முயற்சிகள் உண்டு. தொடர்ச்சியாக மூன்று முறை தவறியவர் போட்டியிலிருந்து வெளியேறுவார். பல வீரர்கள் களத்தில் இருக்கும்போது, அழைக்கப்பட்ட ஒரு நிமிடத்துக்குள் முயற்சியைத் தொடங்கியாக வேண்டும்.

இதுவரை எளிமைதான். நுட்பம் தொடங்குவது, எந்த உயரத்தில் போட்டிக்குள் நுழைவது, எந்த உயரத்தை விட்டுவிடுவது என்பவற்றை வீரரே தீர்மானிக்கலாம் என்ற விதியில். ஓர் உயரத்தில் தாண்டாமல் அடுத்த உயரத்துக்குக் காத்திருப்பதைப் ‘பாஸ்’ என்பர். ஒரு முறை தவறிய பின்னரும், இரண்டு முறை தவறிய பின்னரும்கூட, எஞ்சிய முயற்சிகளை அடுத்த உயரத்துக்கு எடுத்துச் செல்லலாம். நடுவரின் தாளில் வெற்றிகரமான தாண்டல் வட்டமாகவும், தவறு பெருக்கல் குறியாகவும், விட்டுவைத்த முயற்சி சிறு கோடாகவும் பதிவாகும். அதிகம் தாண்டினால் கால் சோர்ந்துவிடும். குறைவாகத் தாண்டினால் உடல் சூடேறாது, ஓட்டத்தின் அளவும் பிடிபடாது. தாழ்ந்த உயரத்தில் நேரும் சிறு கவனக்குறைவு இரண்டு மணி நேரம் கழித்துப் பதக்கத்தைப் பறித்துவிடக்கூடும். இந்தக் காரணங்களால், பார்வைக்கு வெறும் உடல் வலிமையின் போட்டியாகத் தோன்றும் இது, தொடக்கம் முதல் இறுதிவரை கணித்துக்கொண்டே இருக்க வேண்டிய போட்டியாகவும் அமைகிறது.

இருவர் ஒரே உயரத்தில் நின்றுவிட்டால், அந்தக் கடைசி உயரத்தைக் குறைந்த முயற்சிகளில் தாண்டியவர் முந்துவார். அதிலும் சமநிலை என்றால், அந்த உயரம் வரையிலான மொத்தத் தவறுகள் எண்ணப்படும். குறைவாகத் தவறியவர் முந்துவார். அதன் பின்னும் சமநிலை நீடித்தால் இரண்டாம் இடமும் அதற்குக் கீழானவையும் அப்படியே பகிரப்படும். முதல் இடத்துக்கு மட்டும் ஒரு தனி ஏற்பாடு உண்டு. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் அயர்லாந்தின் கான் லேஹி, ஹங்கேரியின் இஸ்த்வான் ஷொமொதி, பிரான்சின் ஜியோ ஆந்த்ரே மூவரும் 1.88 மீட்டர் தாண்டி வெள்ளியைப் பகிர்ந்துகொண்டனர் என்பதிலிருந்து, பதக்கப் பகிர்வு இந்தப் போட்டிக்குப் புதிதன்று என்பது தெரியும். 2022ஆம் ஆண்டு பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில், தமிழ்க் குடும்பத்தில் பிறந்து டெல்லியில் வளர்ந்த தேஜஸ்வின் ஷங்கர் 2.22 மீட்டர் தாண்டி வெண்கலம் வென்றார். அதே உயரத்தைத் தாண்டிய வேறு வீரர்களும் அங்கே இருந்தனர், ஆனால் அவர்களுக்குக் கூடுதல் முயற்சிகள் தேவைப்பட்டிருந்தன. காமன்வெல்த் உயரம் தாண்டுதலில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் இந்தக் கணக்கின் வழியாக வந்ததே.

கம்பியைக் கடக்கும் முறையின் வரலாறு, மனித உடல் தன்னைத்தானே புதிதாகக் கண்டறிந்த வரலாறு என்றே கூறத்தக்கது. தொடக்கக் காலத்தில் வீரர்கள் கால்களைக் கத்தரிபோல் ஒன்றன்பின் ஒன்றாக வீசி, ஏறத்தாழ நிமிர்ந்த நிலையிலேயே கம்பியைக் கடந்தனர். இந்த முறையில் உடலின் பெரும்பகுதி கம்பிக்கு மிக மேலே செல்ல வேண்டியிருந்ததால் ஆற்றல் வீணாகியது. 1912இல் அமெரிக்காவின் ஜார்ஜ் ஹோரைன், பக்கவாட்டில் படுத்தவாறு உருண்டு கடக்கும் ‘வெஸ்டர்ன் ரோல்’ முறையில் 2 மீட்டரை எட்டினார். பின்னர் வயிறு கம்பியை நோக்கியிருக்க, உடல் கம்பியைச் சுற்றிப் புரண்டு இறங்கும் ‘ஸ்ட்ராடில்’ முறை பரவியது. சோவியத் வீரர் வலேரி புருமெல் அதைக் கொண்டு 1963இல் உலகச் சாதனையை 2.28 மீட்டருக்கு உயர்த்தினார். காலணியும் இந்த வரலாற்றில் ஒரு பங்கு வகித்தது. 1957இல் யூரி ஸ்டெபனோவ் தடித்த அடிப்பகுதி கொண்ட காலணியோடு 2.16 மீட்டர் தாண்டிய பிறகே அடிப்பகுதியின் தடிமனுக்கு வரம்பு விதிக்கப்பட்டது.

1968 மெக்சிகோ நகர ஒலிம்பிக்கில், ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்றுகொண்டிருந்த டிக் ஃபாஸ்பரி, கம்பிக்கு முதுகைக் காட்டி, தலை முன்னே செல்ல, வளைந்து கடந்து 2.24 மீட்டர் என்ற ஒலிம்பிக் சாதனையோடு தங்கம் வென்றார். இன்று எல்லாச் சர்வதேசப் போட்டிகளிலும் காணப்படுவது அவர் பெயரால் வழங்கும் ‘ஃபாஸ்பரி ஃப்ளாப்’ முறையே. ஏறக்குறைய அதே காலத்தில் கனடாவின் டெபி பிரில் என்ற இளம் வீராங்கனையும் இத்தகைய முறையைத் தானாகவே உருவாக்கியிருந்தார் என்பதையும் இங்கே குறிப்பிடுவது நியாயம். மணலும் மரத்தூளும் நிரப்பிய குழிகளுக்குப் பதிலாக நுரைமெத்தைகள் வந்திராவிட்டால், முதுகும் தோளும் முதலில் பட விழும் இந்த முறை கழுத்துக்கே ஆபத்தாக முடிந்திருக்கும். புதுமைக்கு ஒருவரின் துணிவு மட்டும் போதவில்லை, விழும் இடமும் மாற வேண்டியிருந்தது.

ஆயினும் ஃபாஸ்பரி வென்ற மறுநாளே பழைய முறை ஒழிந்துவிடவில்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் சோவியத் வீரர் யூரி தார்மக் ஸ்ட்ராடில் முறையிலேயே தங்கம் வென்றார். 1978இல் விளாதிமிர் யாஷ்சென்கோ அதே முறையில் 2.34 மீட்டர் தாண்டி உலகச் சாதனை படைத்தார். ஸ்ட்ராடில் தோற்றது உயரத்தால் என்பதைவிடக் கற்பதற்கு அரியது என்பதாலேயே எனக் கருத இடமுண்டு. அதில் காலையும் இடுப்பையும் தோளையும் துல்லியமான வரிசையில் திருப்பப் பல ஆண்டுகள் பழக வேண்டும், ஃப்ளாப் முறையின் அடிப்படையையோ ஒரு மாணவர் சில வாரங்களில் பற்றிக்கொள்ள முடியும்.

ஃப்ளாப் முறையின் ஆற்றல் இரண்டு இடங்களில் உள்ளது. முதலாவது ஓட்டப்பாதை. வீரர் முதலில் நேராக ஓடி, கடைசி நான்கைந்து காலடிகளில் வளைந்து திரும்புகிறார். வளைவில் வேகமாக ஓடுபவரின் உடல் தானாகவே வளைவின் உட்புறம், அதாவது கம்பிக்கு எதிர்ப்புறம், சாய்கிறது. கம்பியிலிருந்து தொலைவில் உள்ள கால் ஊன்றப்படும் கணத்தில் இந்தச் சாய்வு நிமிர்கிறது. அந்த நிமிர்வே உடலைக் கம்பியின் மேல் சுழற்றிவிடும் திருப்புவிசையாக மாறுகிறது. முன்னணி வீரர்கள் நொடிக்கு 7 முதல் 8 மீட்டர் வேகத்தில் வந்து, ஒரு நொடியின் ஐந்தில் ஒரு பங்கினும் குறைந்த நேரத்துக்கே அந்தக் காலைத் தரையில் ஊன்றுகின்றனர். முன்னோக்கிய வேகத்தை மேல்நோக்கிய வேகமாக மாற்றுவதற்குக் கிடைப்பது அவ்வளவுதான். உடல் எடையைப் போல் பல மடங்கு விசையை ஒற்றைக் கணுக்கால் தாங்க வேண்டியிருப்பதும் அப்போதுதான். உயரம் தாண்டும் வீரர்களின் வாழ்க்கையை முறித்துப்போடும் காயங்கள் பெரும்பாலும் இந்தக் காலிலேயே நேர்கின்றன.

இரண்டாவது, கம்பிக்கு மேலே நிகழும் வளைவு. ஒரு பொருளின் எடை முழுவதும் திரண்டிருப்பதாகக் கொள்ளத்தக்க புள்ளியை நிறை மையம் என்பர். நிமிர்ந்து நிற்கும் மனிதரிடம் அது தொப்புளுக்கு அருகில் இருக்கும். உடல் வில்லாக வளையும்போது இந்த மையம் உடலுக்கு வெளியே, வளைவின் உட்புறத்துக்கு நகர முடியும். ஆகவே தலை கடந்து, தோள் கடந்து, இடுப்பு கடந்து, கால்கள் கடக்கும்போது உடலின் ஒவ்வொரு பகுதியும் தன் முறைக்குக் கம்பிக்கு மேலே சென்றாலும், நிறை மையம் கம்பிக்குச் சற்றுக் கீழாகவே சென்றுவிடக்கூடும். உயரமான வீரருக்கு இந்த மையம் புறப்படும்போதே மேலே இருப்பதால் சாதகம் உண்டு. ஆனால் அது முடிந்த முடிபன்று. 1.81 மீட்டர் மட்டுமே உயரமுள்ள சுவீடனின் ஸ்டெஃபான் ஹோல்ம் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 2.36 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். அடுத்த ஆண்டு உள்ளரங்கப் போட்டியொன்றில் 2.40 மீட்டர், அதாவது தம் தலைக்கு மேல் 59 சென்டிமீட்டர், தாண்டினார்.

டோக்கியோவுக்கு வந்த இருவரும் மேற்சொன்ன அந்தக் கணுக்கால் காயத்தைக் கடந்து வந்தவர்கள். 2016 ஜூலையில் மொனாக்கோவில் 2.39 மீட்டர் தாண்டி இத்தாலியின் தேசியச் சாதனையைப் படைத்த தம்பேரி, அதே இரவில் 2.41 மீட்டருக்கு முயன்றபோது எழும்பும் காலின் கணுக்கால் தசைநார் கிழிந்து, சில வாரங்களில் தொடங்கவிருந்த ரியோ ஒலிம்பிக்கை இழந்தார். காலில் கட்டிய மாவுக்கட்டின் மீது டோக்கியோவுக்கான பாதை என்று எழுதி, அதை ஐந்து ஆண்டுகள் பாதுகாத்து, இறுதிப் போட்டியின்போது களத்துக்கே எடுத்து வந்திருந்தார். 2014இல் பிரஸ்ஸல்ஸில் 2.43 மீட்டர் தாண்டி, உலகச் சாதனையாளர் சோட்டோமேயருக்கு அடுத்த உயரத்தை எட்டியிருந்த பர்ஷிம், 2018இல் ஹங்கேரியில் உலகச் சாதனையை முறியடிக்க முயன்றபோது அதேபோல் கணுக்காலில் காயமுற்று அந்தப் பருவத்தை இழந்தார். மறு ஆண்டே தோஹாவில் சொந்த மக்கள் முன்னிலையில் 2.37 மீட்டர் தாண்டி உலகப் பட்டத்தைத் தக்கவைத்தார். லண்டனிலும் ரியோவிலும் பதக்கம் பெற்றும் ஒலிம்பிக் தங்கம் அவருக்குக் கைகூடியிருக்கவில்லை.

இறுதிப் போட்டியில் கம்பி ஏற ஏற இருவரின் பெயருக்கு நேரேயும் வட்டங்கள் மட்டுமே பதிவாகின. 2.35 மீட்டரில் தென் கொரியாவின் ஊ சாங்-ஹ்யொக் தம் நாட்டின் சாதனையைப் படைத்தார். பதக்கமின்றி நான்காம் இடத்தில் நிற்க நேர்ந்த அவருடைய தாண்டல் வேறு பல ஒலிம்பிக்குகளில் பதக்கத்துக்கே போதுமானதாக இருந்திருக்கும். 2.37 மீட்டரை பர்ஷிம், தம்பேரி, பெலாரஸின் மக்சிம் நெதசேகவ் ஆகிய மூவரும் முதல் முயற்சியிலேயே தாண்டினர். அடுத்து வைக்கப்பட்ட 2.39 மீட்டர், 1996இல் அட்லாண்டாவில் சார்லஸ் ஆஸ்டின் நிறுவிய ஒலிம்பிக் சாதனையின் உயரம். மூவரும் மூன்று முறையும் அங்கே தவறினர். 2.37 மீட்டர் வரை நெதசேகவிடம் முந்தைய உயரங்களின் தவறுகள் இருந்ததால் அவருக்கு வெண்கலம் உறுதியாயிற்று. மற்ற இருவரின் தாளிலும் அதுவரை ஒரு தவறுகூட இல்லை. முதல் விதியும் இரண்டாம் விதியும் அவர்களைப் பிரிக்க இயலாமல் நின்றன.

இந்த நிலைக்கென இருப்பதே முதல் இடத்துக்கான தனி ஏற்பாடாகிய ‘ஜம்ப் ஆஃப்’. சமநிலையில் உள்ளவர்கள் கடைசியாகத் தாண்டிய உயரத்துக்கு அடுத்த உயரத்தில் தலைக்கு ஒரு முயற்சி பெறுவர். அனைவரும் தவறினால் கம்பி 2 சென்டிமீட்டர் இறக்கப்படும், ஒருவருக்கு மேல் தாண்டினால் 2 சென்டிமீட்டர் ஏற்றப்படும், ஒருவர் மட்டும் தாண்டும் வரை இது தொடரும். வீரர்கள் மேலும் தாண்ட விரும்பாவிட்டால் முதல் இடத்தின் சமநிலை நீடிக்கும் என்பதும் விதியிலேயே உள்ளது. அதிகாரி இருவரிடமும் இதை விளக்கத் தொடங்கியபோது, இரண்டு தங்கம் தர இயலுமா என்று பர்ஷிம் கேட்டார். இயலும் என்ற பதில் வந்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர், தம்பேரி துள்ளிப் பர்ஷிமின் மேல் பாய்ந்து தழுவினார். அதே மாலையில் சில நிமிடங்களில் இத்தாலியின் மார்செல் ஜேக்கப்ஸ் ஆண்கள் 100 மீட்டர் ஓட்டத்தில் வென்றபோது, எல்லைக் கோட்டைக் கடந்து வந்தவரை அணைத்துக்கொண்டவரும் தம்பேரியே.

போட்டியின் உறுதியை இருவரும் தளர்த்திவிட்டனர் என்ற குறை அப்போது எழுந்தது. அந்தக் குறை ஏற்கத்தக்கதன்று. ஜம்ப் ஆஃப் அளப்பது ஒருவரால் எவ்வளவு உயரம் தாண்ட முடியும் என்பதை அன்று. களைத்த கால்களில் யாருக்கு ஒரு தாண்டல் எஞ்சியிருக்கிறது என்பதையே அது அளக்கிறது. 2015 பெய்ஜிங் உலகச் சாம்பியன் போட்டியில் கனடாவின் டெரெக் ட்ரூயின், உக்ரைனின் போதான் போந்தரென்கோ, சீனாவின் ஜாங் குவோவெய் மூவரும் 2.33 மீட்டரில் சமநிலையில் நின்றனர். ஜம்ப் ஆஃபில் 2.36 மீட்டரில் மூவரும் தவறிய பின், 2.34 மீட்டரைத் தாண்டி ட்ரூயின் தங்கம் வென்றார், மற்ற இருவரும் வெள்ளியைப் பகிர்ந்தனர். அங்கே வென்ற உயரமாவது முன்பு தாண்டியதைவிடக் கூடுதல். 2024 ஆகஸ்ட் 10 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் நியூசிலாந்தின் ஹேமிஷ் கெர்ரும் அமெரிக்காவின் ஷெல்பி மெக்யூவனும் 2.36 மீட்டரில் சமநிலை அடைந்து, தொடர்ந்து தாண்டுவதையே தேர்ந்தெடுத்தனர், 2.38 மீட்டரிலும், ஏற்கெனவே இருவரும் தாண்டியிருந்த 2.36 மீட்டரிலும் இருவருமே தவறினர், 2.34 மீட்டரில் மெக்யூவன் தவற, கெர் தாண்டினார். வெற்றியைத் தீர்மானித்த தாண்டல், தோற்றவர் சற்று முன்பு தாண்டிய உயரத்தைவிட 2 சென்டிமீட்டர் தாழ்ந்தது. துணிந்து தொடர்ந்த அந்த இருவரின் தேர்வு மதிப்புக்குரியது. அதற்குச் சற்றும் குறையாத மதிப்பு, குறையற்ற தாள்களோடு நின்ற டோக்கியோ வீரர்களின் தேர்வுக்கும் உண்டு. ஒரே விதி இரண்டு வழிகளையும் திறந்து வைத்திருப்பது அந்த விதியின் சிறப்பு.

1993 ஜூலை 27 அன்று ஸ்பெயினின் சலமாங்காவில் சோட்டோமேயர் தாண்டிய 2.45 மீட்டர் இன்றும் உலகச் சாதனையாக நிற்கிறது. ஒலிம்பிக்கிலோ உலகச் சாம்பியன் போட்டியிலோ தங்கத்துக்குரிய உயரம் அதற்குப் பல சென்டிமீட்டர் கீழே இருப்பது வழக்கம். இரண்டொரு நாள் முன்பே தகுதிச் சுற்றில் தாண்டி, இறுதியில் பல உயரங்களைக் கடந்து, ஒவ்வொரு தாண்டலுக்கும் இடையே நெடுநேரம் காத்திருந்து வரும் கால்களிடம் சாதனையை எதிர்பார்ப்பது கடினம். உயரங்கள் இவ்வாறு நெருங்கிக் கிடப்பதாலேயே தவறுகளின் கணக்கு இவ்வளவு எடை பெறுகிறது. 2023 புடாபெஸ்ட் உலகச் சாம்பியன் போட்டியில் தம்பேரியும் அமெரிக்காவின் ஜுவான் ஹாரிசனும் 2.36 மீட்டரே தாண்டினர். தங்கம் தம்பேரிக்குச் சென்றது அந்தக் கணக்கால்தான்.

டோக்கியோவின் தேசிய விளையாட்டரங்கம் நிற்கும் இடத்துக்கும் தமிழருக்கும் உயரம் தாண்டுதல் வழியாகவே ஓர் உறவு உண்டு. அதே இடத்தில் முன்பு இருந்த பழைய அரங்கில் 1958இல் நடந்த ஆசியப் போட்டியில், யாழ்ப்பாணத் தமிழரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 2.03 மீட்டர் தாண்டி, இலங்கைக்கு ஆசியப் போட்டியின் முதல் தங்கப் பதக்கத்தை ஈட்டித் தந்தார். அதற்கு முன்பே 1952 ஹெல்சிங்கியிலும் 1956 மெல்போர்னிலும் ஒலிம்பிக்கில் பங்கேற்றவர் அவர். பர்ஷிமும் தம்பேரியும் தங்கத்தைப் பகிர்ந்து ஒரு மாதத்துக்குள், 2021 ஆகஸ்ட் 31 அன்று, சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு அதே புதிய அரங்கில் பாராலிம்பிக்கின் ஆண்கள் டி63 பிரிவில் 1.86 மீட்டர் தாண்டி வெள்ளி வென்றார். 2016 ரியோவில் 1.89 மீட்டரோடு தங்கம் வென்றவர் 2024 பாரிஸில் வெண்கலமும் பெற்று, அடுத்தடுத்த மூன்று பாராலிம்பிக்குகளில் பதக்கம் வென்றார். 2025 செப்டம்பரில் உலகச் சாம்பியன் போட்டி அந்த அரங்குக்கு வந்தபோது ஹேமிஷ் கெர் 2.36 மீட்டரும், டோக்கியோ ஒலிம்பிக்கில் பதக்கத்தைத் தவறவிட்ட ஊ சாங்-ஹ்யொக் 2.34 மீட்டரும் தாண்டித் தங்கமும் வெள்ளியும் பெற்றனர். அம்முறை கணக்குப் பார்க்கத் தேவை எழவில்லை.